பாம்புக்காரியின் கைகள்

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பதினாறு சலவை மெசின்கள் இருக்கின்றன. அதில் எப்போதும் நாலு வேலை செய்யாது. அங்கே என் மனைவி றீற்றா படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டு நின்ற நேரம்தான் அந்த வெள்ளைக்காரி வந்து அவளைப் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் நான் சொல்லுவேன்.

அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் என்ற இந்த மாடிக்கட்டடத் தொகுதியில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறோம். முன்பின் தெரியாத ஆள் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தால் ஒன்று வேதம் பரப்ப வந்த ஆள், இல்லையென்றால் எதையோ விற்க வந்த ஆள். இவள் இரண்டும் இல்லை. பெயர் எலெனி. ஆறாம் மாடியில் இருக்கிறாள். தகப்பன் கிரேக்க நாட்டில் கிறீற் என்ற தீவிலிருந்து வந்தவராம். ஐம்பது வயது இருக்கும். காற்சட்டை முழுக்கக் களிமண். சிலை செய்கிறவள்.

றீற்றா இருபத்தேழு வருடம் ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் நின்றவள். ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் இரண்டு கையில் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி உதறி, அயன் மெசினின் வாய்க்குள் கொடுப்பதுதான் வேலை. ஓய்வெடுத்து ஆறு வருடமாகியும் வீட்டு விரிப்பையும் அப்படியேதான் உதறுவாள். வலது தோள் முழுதாக ஏறாது. இடது கை மேலே நிற்கும்போது வலது கை நாலு விரற்கடை கீழே நிற்கும்.

அதைத்தான் எலெனி கண்டிருக்கிறாள். ஒரு படத்தைக் கொடுத்து அனுப்பினாள். றீற்றா அதை மேலே கொண்டுவந்து என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

படத்தில் ஒரு சின்னப் பெண் சிலை. ஒடுங்கின இடுப்பு, தட்டுத்தட்டாகப் பாவாடை, தலையில் ஒரு பூனை. இரண்டு கையையும் தூக்கி, கைக்கொரு பாம்பு பிடித்திருந்தாள். மார்பு இரண்டும் திறந்தபடி.

"உதென்ன சனியன்?" என்று கேட்டேன்.

"தெய்வமாம். மூவாயிரத்தறுநூறு வருசப் பழசாம்."

"தெய்வமெண்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு நிண்டிருக்கலாமே. மாதா பாம்பைக் காலுக்குக் கீழை மிதிக்கிறா. உவள் கையிலை வைச்சு விளையாடுறாள்."

"மாதாவுக்கு முந்தின ஆளப்பா. அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"சரி, உன்னட்டை என்ன கேக்கிறாள்?"

"கையைக் கேக்கிறாள்."

எலெனி அந்தச் சிலையைத் தன் பாட்டில் புதிதாகச் செய்கிறாளாம். ஆள் உயரத்தில். பாம்புக்குப் பதிலாக முறுக்கின ஈர விரிப்பு. கை மட்டும் உண்மையான கையிலிருந்து அச்செடுக்க வேண்டும், அது வேலை செய்த கையாக இருக்க வேண்டும் என்றாளாம்.

நானும் கூடப் போனேன். மனைவியைத் தனியே விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ஆள் நானில்லை. தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் மேற்கே இருபது நிமிடம். பழைய கராஜ் ஒன்றைத்தான் அவள் பட்டறையாக வைத்திருந்தாள். உள்ளே போனதும் மூன்று பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். றீற்றா அதை வாங்கி, பார்க்காமலே என்னிடம் தந்தாள். எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது நான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். எண்பத்தெட்டில் விமான நிலையத்தில் இறங்கியபோது எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெடியன் காதுக்குள் சொன்னான், "அங்கிள், விளங்காட்டில் நோ போடுங்கோ." சிறையில் இருந்தீரா, இயக்கத்தில் இருந்தீரா, காசநோய் இருந்ததா, எல்லாவற்றுக்கும் நோ. உள்ளே விட்டார்கள். அதன்பிறகு வேலைக்கு, வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எத்தனையோ படிவம் வந்தது. எல்லாவற்றிலும் நோ என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் போட்டேன். நோ போட்டவனை ஒருவரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. யெஸ் போட்டவனுக்குத்தான் பின்பக்கமும் நிரப்புகிற வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த முறையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன்.

அந்தப் படிவத்தில் ஒன்பது கேள்வி இருந்தது. ஒன்பதுக்கும் நோ. றீற்றா அடியில் கையெழுத்து வைத்தாள்.

பிறகு எலெனி, பல் வைத்தியர் வாய்க்குள் வைப்பாரே, அதுபோன்ற ஒரு மாவைக் குழைத்து றீற்றாவின் கையில் முழங்கைக்கு மேலே வரை அப்பினாள். அதன் மேலே, முறிந்த கைக்குக் கட்டுகிற சாந்துத் துணி சுற்றினாள். மேலேயிருந்து இரண்டு பட்டி தொங்கவிட்டுக் கையைத் தாங்கக் கொடுத்திருந்தாள். வலது பட்டியைக் கொஞ்சம் உயர்த்தவா என்று கேட்கக்கூட இல்லை. வலது கை எங்கே நின்றதோ அங்கேயே பட்டியைக் கட்டினாள். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். றீற்றா அரை மணித்தியாலம் கையைத் தூக்கியபடியே நின்றாள். ஒரு கட்டத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வலித்தால் கையை இறக்கலாம் என்று எலெனி சொன்னாள். றீற்றா தலையை ஆட்டினாள், இறக்க வேண்டாம் என்று.

களிமண்ணில் உடம்பு ஏற்கெனவே நின்றது. பாவாடை இருந்தது. மார்பு, படத்தில் உள்ளது போலவே. ஆனால் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"தலை எங்கே?" என்று என் இங்கிலீசில் கேட்டேன்.

தோண்டி எடுத்தபோது அந்தச் சிலைக்குத் தலை கிடைக்கவில்லையாம். எடுத்தவர்கள் புதிதாக ஒன்று செய்து ஒட்டினார்களாம். தனக்குத் தெரியாத முகத்தைத் தான் வைக்கமாட்டேன் என்றாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற ஆட்களை நான் இந்த ஊரில் அதிகம் காணவில்லை.

கார்த்திகை மாதம் கண்காட்சி தொடங்குவதாக இருந்தது. றீற்றா அதைச் செபக்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். செபக்கூட்டம் என்றால் எங்களோடு எங்கள் கோவிலைச் சேர்ந்த இன்னும் பதினொரு பேர், வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்லுவோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கோவிலுக்கு ஒரு சுரூபம் வாங்கிக் கொடுத்தால் அடியில் கொடுத்தவர் பெயரை வெட்டவேண்டும். சனம் குந்துகிற வாங்குகூட இன்னாரின் நினைவாக என்று பெயரோடுதான் இருக்கும். றீற்றா பெயர் இதுவரை எதிலும் இருந்ததில்லை. "சிலைக்குப் பக்கத்திலை பலகையிலை என்ரை பேர் போடுவினம்," என்று எல்லாருக்கும் சொன்னாள். முதல் கிழமை சனக்கூட்டமாக இருக்கும், அடுத்த ஞாயிறு பூசை முடிய எல்லாருமாகப் போவோம் என்று தீர்மானம் ஆனது. முன்னுக்கு நின்றவர் றெமிஜியஸ். எந்தக் காரியத்துக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பார்.

தொடங்கின சனிக்கிழமை பின்னேரம் நானும் றீற்றாவும் மட்டும் போனோம்.

வெள்ளைச் சுவர், நடுவில் அவள். தலை இல்லை. இரண்டு கை. கையில் முறுக்கிய விரிப்பு இரண்டும் தொங்கி, முனை சுருண்டு, உண்மையாகவே பாம்பு போலத்தான் இருந்தது. றீற்றாவின் விரலில் உள்ள சூட்டுத் தழும்பு கூட அப்படியே விழுந்திருந்தது. சனம் சுற்றி நின்று பார்த்தது. நான் மார்பைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன்.

றீற்றா பலகைக்குப் போனாள். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்தாள். எலெனியின் பெயர் இருந்தது. சிலை எதிலிருந்து வந்தது என்று இருந்தது. கடைசி வரியில் கைகள் என்று இருந்தது. அதற்கு நேரே, பெயர் வெளியிட விரும்பாத ஒரு சலவைத் தொழிலாளி.

எலெனி வந்து றீற்றாவைக் கட்டிப்பிடித்தாள். றீற்றா பலகையைக் காட்டினாள். எலெனிக்கு முகம் மாறியது. தன் போனில் படிவத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள். ஆறாவது கேள்வி. உங்கள் பெயரைப் பலகையில் போடலாமா? நோ. சரி அடையாளம் என்னுடையது. என் சரிக்கு வால் நீளம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் அவள் கேட்டாள்.

"வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதேங்கோ."

"சரி, வாசிக்கேல்லை. ஆனால் இப்ப யோசிச்சுப் பாக்க உது நல்லதுக்குத்தான். மார்பைத் திறந்துகொண்டு நிக்கிறாள். கீழை உன்ரை பேரைப் போட்டால், கை மட்டும்தான் றீற்றாவின்ரை, மற்றது வேறை ஆற்றையோ எண்டு சனம் பிரிச்சுப் பாக்குமே?"

"அறுபத்தெட்டு வயசுக் கிழவியின்ரை எண்டு ஆரும் நினைப்பினமே? சனத்துக்குக் கண் இல்லையே?"

"றெமிஜியஸின்ரை வாய் தெரியும்தானே."

"அந்தாளின்ரை வாய்க்குப் பயந்து நான் கையில்லாத ஆளாய் இருக்கேலாது." கோட்டைக் கொழுவிவிட்டு அவள் சொன்னாள், "முப்பத்தைஞ்சு வருசமா என்னட்டைக் கேக்காமலே எல்லாக் கேள்விக்கும் நீங்கள் நோ போட்டிருக்கிறியள். என்னென்னத்துக்குப் போட்டீங்களோ தெரியாது. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலை மகள் ஜெசிகாவைச் சேக்கப் போனதிலை இருந்து."

எனக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறுக்கு எட்டு நாள் இருந்தது. பதினொரு பேரும் வந்து பலகையைப் பார்த்தால் றீற்றா பொய்க்காரி. அதைச் சொல்லாமலே அவள் போய்ப் படுத்தாள்.

திங்கட்கிழமை நான் தனியே கண்காட்சி நடக்கிற இடத்துக்குப் போனேன். மேசையில் இருந்த இளம் பெட்டை பழைய படிவத்தை மாற்ற ஏலாது, அவவே புதுப் படிவம் ஒன்று நிரப்பித் தரவேண்டும், புதனுக்குள் வந்தால் வெள்ளி பலகை வரும் என்றாள். படிவத்தை வாங்கி வந்தேன். குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒன்பதுக்கும் யெஸ் போடலாம் என்று பேனையை எடுத்தேன்.

"தாங்கோ இஞ்சை," என்று றீற்றா இழுத்தெடுத்தாள்.

மிசிசாகாவில் இருக்கிற மகள் ஜெசிகாவுக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்து, அர்த்தம் கேட்டாள். திங்கள் பின்னேரம் நாலு கேள்வி. செவ்வாய் மிச்சம். எனக்கு வரவேற்பறையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"மற்றச் சிலைக்கும் என்ரை கையைப் பாவிப்பினமோ? வேண்டாம். நோ... போஸ்ற்காட்டிலை போட்டு விக்கிறதோ? கை மட்டுமெண்டால் யெஸ்... ரிவிக்காரர் கேள்வி கேக்க வருவினமோ? ஐயோ, நோ."

எண்ணிப் பார்த்தேன். அவளும் நாலு நோ போட்டாள். பிறகு என் முன்னால் படிவத்தை வைத்தாள். ஆறாவதில் யெஸ். அதற்குக் கீழே பெயர் எப்படி வரவேண்டும் என்று ஒரு கோடு. அதில் இங்கிலீசில் றீற்றா மரியாம்பிள்ளை என்று எழுதியிருந்தாள்.

மரியாம்பிள்ளை அவளின் தகப்பன். இந்த நாட்டில் அவளின் எல்லாக் கடதாசியிலும் றீற்றா நீக்கிலாஸ். நீக்கிலாஸ் என் பெயர், நான்தான் அப்படி எழுதினேன்.

"இதார்?"

"நான்."

"நீக்கிலாஸ் எங்கை?"

"நீங்கள் கையைத் தூக்கினீங்களோ?"

அவளுக்கு முழங்கால் வீக்கம், வெளியே பனி கொட்டியது. புதன்கிழமை நான்தான் கொண்டுபோனேன். பேனை சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பெட்டை படிவத்தைப் பார்த்தாள், பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தாள். பழையதில் நீக்கிலாஸ் என்று இருக்கிறதே, இது வேறு ஆளா என்று கேட்டாள். வேறு ஆள் என்றால் போட ஏலாது. எனக்கு நேரம் இருந்தது. வெளியே ஸ்ரீற்கார் ஒன்று வந்து நின்று போகும் வரைக்கும் பையிலிருந்த பேனையை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"அதே ஆள்," என்றேன். "கலியாணத்துக்கு முந்தின பேர்."

அதை நான் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றாள். வைத்தேன். அதில் ஒரு கட்டம் இருந்தது, நீங்கள் அவரின் கணவரா என்று. யெஸ் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு பேரும் வந்தார்கள். தடித்த கோட்டுகளோடு சிலையைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் கையைப் பார்த்தார்கள். ஆண்கள் நிலத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கையைப் பார்த்தார்கள். றெமிஜியஸ் பலகையை உரத்து வாசித்தார். கடைசி வரியில் நின்றார்.

"நீக்கிலாஸ் அண்ணை, இதார் றீற்றா மரியாம்பிள்ளை? எங்கடை றீற்றா அக்கான்ரை பேரைக் காணேல்லை."

"என்ரை மனிசிதான்."

"அப்ப உங்கடை பேர்?"

"இல்லை."

"வெள்ளையள் பிழை விட்டிட்டுதுகள். வாங்கோ, போய்ச் சொல்லுவம். நான் கதைக்கிறன்."

"பிழை இல்லைக் காணும். நான்தான் கொண்டுவந்து குடுத்தனான்."

அவர் என்னையும் பார்த்து, தலையில்லாத அந்தச் சிலையையும் பார்த்தார். வாய் திறந்தது. "அப்ப அண்ணை, கை மட்டும்தானோ, இல்லாட்டில்..."

"கை மட்டும்," என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அவரின் மனைவி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

றீற்றா அந்தப் பக்கம் நின்று, மாவு முதலில் குளிர்ந்தது, பிறகு மேலே போட்ட சாந்து சுட்டது என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒருவர் மாறி ஒருவர் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். நான் போய்ச் சுவரோரம் இருந்த வாங்கில் இருந்தேன்.