எடை குறைந்த பேட்டரி

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆத்தப்பனாகிய நான். என் மகன் சதீஷ்குமார். அவன் மனைவி சாரதாமணி. அருள்புரத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் பாண்டித்துரை. பல்லடம் சாலையில் பேட்டரிக் கடை நடத்தும் மருதாசலம். அவன் எனக்குப் பங்காளி, தம்பி முறை. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. தாங்களும் அங்கே நின்று பார்த்ததாகப் பேசித் திரிகிறவர்கள் இப்போது ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள்.

துணி வெட்டிப் பார்க்கும் மேசைமேல் மூன்று பேட்டரிகள் இருந்தன. ஒன்று பாண்டித்துரை கொண்டுவந்த புது ஈய பேட்டரி. மற்ற இரண்டும் மருதாசலம் கொண்டுவந்தவை, லித்தியம். மூன்றில் எது சாரதாமணியின் வண்டிக்கு என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சாரதாமணி ஊத்துக்குளிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு அப்பனுடைய வண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு வரப்பிலேயே ஓட்டிப் பழகியவள். பெண் பார்க்கப் போனபோதே அது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வயதில், காடு மேடு சேறு என்று ஓட்டும் பந்தயத்துக்குப் போவாள் என்பதுதான் தெரியாது. எங்கள் செக்கிங் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களை வைத்து வேலை வாங்குகிறாள். தன் சம்பளத்தில் வண்டி வாங்கினாள். சரியில்லை என்று நான் சொன்னேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்ரோல் கேனோடு பின்னாலேயே ஜீப்பில் போனவன் என் மகன். நான் மறுபடி சொல்லவில்லை. ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வது அந்தச் சொல்லுக்கு இழுக்கு.

ஆனால் என்னைக் கேட்காமல் அவள் பனியனின் முதுகில் கம்பெனிப் பெயரை அச்சடித்தார்கள். சின்னையன் நிட்டிங். சின்னையன் என் அப்பா. அன்றிலிருந்து அது என் விஷயம் ஆகிவிட்டது.

தை மாதப் பந்தயம் மடத்துக்குளம் பக்கம் ஒரு குளத்தங்கரையில் நடந்தது. சேற்றுப் பள்ளத்தில் வண்டி அணைந்துவிட்டது. சுவிட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறாள். ஒன்பதாவது முறையோடு பேட்டரி செத்துவிட்டது. அந்த வண்டியை உதைத்துக் கிளப்பவும் முடியாது; அதற்குக் கிக்கர் இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தாள். எவனோ படம் எடுத்தான். முகம் முழுக்கச் சேறு, ஆள் யாரென்றே அடையாளம் தெரியவில்லை. முதுகில் என் அப்பா பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சொந்தக்காரர்களின் ஒரு போன் விடாமல் அது சுற்றிவந்தது. காங்கயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்தவர், "ஏனுங் மாமா, உங்க கம்பெனில வண்டி தள்றதுக்கு ஆளு வேணுமாமா?" என்று கேட்டார். இலையை விட்டு எழுந்தால் அழைத்தவர்களுக்கு அவமரியாதை. ரசம், மோர் எல்லாம் முடித்து, இலையை மடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோர் முன்பும் சொன்னேன். அடுத்த பந்தயத்திலும் அந்தப் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு யாராவது வண்டி தள்ளினால், மறுநாள் காலை வண்டியை விற்றாக வேண்டும்.

சாரதாமணி, "செரிங்க மாமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப பேட்டரிய மாத்தோணுமுங்க. லித்தியம் போடோணும். எடை கம்மிங்க" என்றாள்.

எடை கம்மி என்ற சொல் எனக்கு எப்படிக் கேட்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஐம்பது வருடமாகத் துணியோடு இருக்கிறேன். வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தால் துணியின் வண்டவாளம் தெரிந்துவிடும். நூற்றெண்பது கிராம் கேட்ட இடத்தில் நூற்று அறுபத்தைந்து நின்றால், நடுவில் எவனோ நூலைத் தின்றிருக்கிறான். எடை குறைவு என்றால் எனக்குத் திருட்டு. வேறு அர்த்தம் அதற்கு உண்டென்று இத்தனை வருடத்தில் ஒரு துணியும் எனக்குச் சொன்னதில்லை.

நூல் கோன் நிறுக்கும் தராசில் நானே வைத்தேன். ஈய பேட்டரி இரண்டு கிலோ எழுநூறு. பெரிய லித்தியம் எண்ணூற்றைம்பது கிராம். சின்னது நானூற்று எண்பது.

"என்ன மருதாசலம், டப்பாவ மட்டும் எடுத்துட்டு வந்துட்டயா? உள்ள இருக்கறது கடையிலயே இருக்குதா?" என்றேன்.

சதீஷ்குமார் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"லித்தியம் அப்படித்தானுங்ணா. உள்ள ஈயம் கெடையாதுங்க."

நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்து லேபிளில் வைத்துப் பார்த்தேன். சின்னதிலும் பெரியதிலும் கொள்ளளவு என்று ஒரே எண் போட்டிருந்தது. அதன் பக்கத்தில், எறும்புக் கால் போன்ற எழுத்தில், 'ஈய பேட்டரிக்கு ஈடாக' என்று இருந்தது.

"ரெண்டுலயும் ஒரே நெம்பர். ஒண்ணு இன்னொண்ணுல பாதி எடை. அப்ப ஆரோ ஒருத்தரு பொய் சொல்றாங்க. டப்பாவா, நீயா?"

மருதாசலம் எழுந்துவிட்டான். அவன் முன்னால் வைத்த டீ அப்படியே இருந்தது. "அது ஸ்டார்ட்டரத் தள்ற வேகத்துக்கு ஈடுங்க. எத்தன தடவ தள்ளும்ங்கறது வேறீங்க. அத நீங்க கேக்கவே இல்லீங்களே. இருவது வருசமா யாவாரம் பண்றனுங்ணா. ஒருத்தரும் என்னையத் திருடன்னு சொன்னதில்லீங்க."

"நானும் சொல்லுலியே."

"சொல்லாமச் சொன்னீங்க."

பாண்டித்துரை தெற்கத்திக்காரர். எங்கள் ஆட்களின் மான அவமானத்தில் தலையிடாமல் வேலையைப் பார்க்கிறவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "அய்யா, ரெண்டு கிலோங்கிறது ரோட்டுல ஒண்ணும் தெரியாதுய்யா. சேத்துக்குள்ள வண்டி சாஞ்சு கெடக்கைல தூக்கிப் பாத்தாத்தேன் தெரியும்."

சாரதாமணி, "வுழுந்தா நான்தானுங்க மாமா தூக்கோணும். அங்க லோடுமேன் ஆரும் வரமாட்டாங்க" என்றாள்.

எனக்கு வாதம் பிடிக்காது. எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் ஒரே வழிதான். வெட்டிப் பார்க்க வேண்டும். துவைத்துப் பார்க்க வேண்டும். வெட்டின துண்டு வெட்டினவனைச் சேர்ந்தது. பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

"வெட்டிப் பாத்துரலாம்" என்றேன்.

"பாருங்க" என்றான் மருதாசலம். "ஆனா லித்தியத்தக் கடேசி வரைக்கும் சார்ஜ் எறக்கிக் காய வெச்சா அதோட செத்துரும். அப்பறம் அத நான் திருப்பி எடுக்க மாட்டனுங்க."

"எடுக்கச் சொல்லி ஆரு கேட்டா?"

வண்டியை வாசலில் நிறுத்தினோம். எஞ்சின் பற்றாதபடி பாண்டித்துரை எதையோ கழற்றிவிட்டார். ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும். ஐந்து விநாடி அமுக்க வேண்டும், அரை நிமிடம் விட வேண்டும், மறுபடி அமுக்க வேண்டும். சுவிட்சில் சாரதாமணியின் கட்டைவிரல். கடிகாரம் சதீஷ்குமாரிடம். கட்டிங் மேசையிலிருந்து சாக்பீஸ் எடுத்துச் சுவரில் கோடு போட்டது நான். மருதாசலம் கதவுப்பக்கம் கைகட்டி நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சின்ன லித்தியம் பதினாறு முறை சுற்றியது. பதினாறாவதும் முதல் முறை போலவே இருந்தது. பதினேழில் மூச்சே இல்லை.

"இதாய்யா இதுல இருக்க சேதி. ஈயம்னா மொனங்கி மொனங்கிச் சொல்லிட்டுச் சாகும். இது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்" என்றார் பாண்டித்துரை.

ஈய பேட்டரி இருபத்தைந்து போனது. ஆனால் பதினெட்டிலிருந்தே இழுவை குறைந்து, கடைசி நான்கைந்தில் ஸ்டார்ட்டர் கிழவன் படியேறுவதைப் போல முனகியது. அந்த வேகத்தில் எஞ்சின் பற்றாது என்று பாண்டித்துரை சொன்னார். அதனால் பதினெட்டோடு சரி என்று கோடு கிழித்தேன்.

பெரிய லித்தியத்தை மாட்டினோம். இருபது. இருபத்தைந்து. வெயில் ஏறிவிட்டது, சதீஷ்குமார் கடிகாரத்தோடு நிழலுக்கு நகர்ந்தான். முப்பதைத் தாண்டியபோது சாரதாமணி கட்டைவிரலை உதறிக்கொண்டு மறுபடி வைத்தாள். முப்பத்தெட்டு. அதுவரை சத்தத்தில் ஒரு நூல் மாற்றம் இல்லை. முப்பத்தொன்பதில் நின்றது.

ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு எடை. இரண்டு மடங்கு வேலை. துணியில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. லேபிளில் ஒரே எண் போட்டவன் பொய்யன் என்று நான் சொன்னது சரிதான். பதினாறும் முப்பத்தெட்டும் ஒன்றாகாது. ஆனால் அந்த லேபிளை மருதாசலம் அச்சடிக்கவில்லை. எடை குறைந்ததால் உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னது நான். நான்கு பேர் முன்னால் சொன்னேன். எந்த ஆட்கள் முன்னால் ஒரு சொல்லைச் சொன்னோமோ, அந்த ஆட்கள் கலைவதற்கு முன்னால் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். கலைந்த பிறகு எடுத்தால் அது சமாதானம் பேசுவது. எனக்கு அது பழக்கமில்லை.

"மருதாசலம், டப்பான்னு சொன்னது தப்பு. உம்பட சரக்கு சுத்தம். நான் பேசுனத எல்லாரும் கேட்டீங்கல்ல, இதையும் கேட்டுக்குங்க" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தான். "செரிங்ணா" என்றான். பிறகு, "டீ ஆறிப்போச்சுங்க. வேற ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

எது வேண்டும் என்று சாரதாமணியைக் கேட்டேன். சின்னதின் மேல் அவளுக்குக் கண் இருந்தது. முதல்நாளே போனில் அதன் படத்தைத்தான் காட்டியிருக்கிறாள். இரண்டையும் இரு கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பெருசுங்க. போன தடவ ஒரே பள்ளத்துல ஒம்பது தடவ அமுத்துனேன். ரெண்டு பள்ளம் வந்துட்டாச் சின்னது பத்தாது."

"பாரம்?"

"சோத்துல கொஞ்சம் கொறச்சுக்கறனுங்க மாமா."

என் முன்னால் அவள் கேலி பேசியது அதுதான் முதல் முறை.

காய்ந்த லித்தியத்தை எடுத்து ஜெனரேட்டர் ரூமில் இருக்கும் சார்ஜரில் மாட்டப் போனேன். கம்பெனியில் எந்த பேட்டரி இறங்கினாலும் அங்கேதான் போகும். பாண்டித்துரை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வேணாம்யா. அது ஈயத்துக்கு உள்ளது. இதுக்குன்னு தனிச் சார்ஜர் இருக்கு. மாத்திப் போட்டா உப்பிரும்." என் கையை அப்படிப் பிடிக்கிறவர்கள் யாரும் கிடையாது. அவர் தானாக விடும்வரை நான் இழுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மருதாசலம் புது பேட்டரியும் அதற்குரிய சார்ஜரும் கொண்டுவந்தான். "எடை போட்டுக்குங்ணா" என்றான். போட்டேன். எண்ணூற்றைம்பது.

பந்தயத்துக்கு நான் அதுவரை போனதில்லை. அடுத்த ஞாயிறு போனேன். பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பள்ளத்தின் கரைக்குப் போய் நின்றேன். நிற்பதானால் வண்டி அங்கேதான் நிற்கும்.

முதல் சுற்றில் சுத்தமாகக் கடந்துவிட்டாள். இரண்டாவது சுற்றுக்குள் முன்னால் போனவர்கள் சேற்றை உழுது வைத்துவிட்டார்கள். அவள் வண்டி நடுப்பள்ளத்தில் அச்சுவரை இறங்கி அணைந்தது. எனக்கும் அவளுக்கும் இடையில் பத்தடி இருக்கும். பின்னால் வந்த இரண்டு பையன்கள் ஓரமாக ஏறிப் போனார்கள். கரையில் நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். அதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

அமுக்கினாள். சுற்றியது, பற்றவில்லை. நான்கு. ஐந்து. இந்தத் தடவை சாக்பீஸ் இல்லை, விரலை மடக்கி எண்ணினேன். வண்டியைத் தள்ளினால் விற்பேன் என்று சொன்னவன் நான். சொல்லை மாற்றுகிறவன் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் எண்ணியது விற்பதற்காக அல்ல. ஒன்பது வந்தபோது கரையில் ஒருவன், "அவ்வளவுதான்" என்றான். அவள் நிமிரவில்லை. பெட்ரோல் வாடை அடித்தது. கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். பத்து. பதினொன்று. சத்தத்தில் ஒரு நூல் மாற்றம் இல்லை. பன்னிரண்டில் எஞ்சின் பிடித்தது. அவள் பின்பக்கம் பாரத்தைச் சாய்த்தாள். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு ஏறிவிட்டது. மேட்டில் அவள் முதுகு தெரிந்தது. பெயர் தெரியவில்லை. முழுக்கச் சேறு.

பதினான்கு பேரில் ஒன்பதாவதாக வந்தாள். வண்டி எங்கள் ஷெட்டில்தான் நிற்கிறது.

அன்று ஆத்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மருமகள் வண்டியைத் தள்ளிவிட்டார் என்று ஒரு பேச்சு ஊரில் நடக்கிறது. ஆதாரமாக, நெஞ்சுவரை சேறோடு நான் நிற்கிற படத்தையும் காட்டுகிறார்கள். நான் இறங்கவில்லை. யாரும் தள்ளவில்லை. கரையில் நின்றேன். அந்தச் சேறு வண்டி கிளம்பும்போது பின்சக்கரம் அடித்தது.