கூடாரத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீர்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு பயண இதழ் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'குறைந்த செலவில் காட்டு நடைப்பயணம்: திட்டமிடுவதும் மூட்டை கட்டுவதும்.' இந்தப் பெண் கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிறவள், இவளிடம் கேளுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், ஒப்புக்கொண்டேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

குறைந்த செலவில் காட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நல்ல காலணி

அடித்துவிட்டேன். காலணி இரண்டாவது. முதல் வேலை, வீட்டில் சொல்வது. அதை எந்தப் பயணக் கட்டுரையும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களின் வீட்டில் "காட்டுக்குப் போறேன்" என்றால் "சரி, பார்த்துப் போ" என்று சொல்லிவிடுவார்கள் போல. கொடுத்து வைத்தவர்கள். மறுபடி எழுதினேன்:

முதலில் வீட்டில் சொல்லுங்கள். சொன்னதும் உங்கள் அம்மா

அவ்வளவுதான், கட்டுரை செத்தது. அம்மா ஒருத்தி உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்தால் லேசில் எழுந்து போகிற ஆள் கிடையாது.

2

சரி, கதைதான் என்றால் கதைக்கு ஒருத்தி வேண்டும். இருக்கட்டும் ஒருத்தி. பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவு. உடைந்த கண்ணாடி, நசுங்கிய பெட்டி, ஒற்றைச் செருப்பு மட்டும் வந்து சேர்ந்த ஜோடி. காலையிலிருந்து சாயந்திரம் வரை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வருந்துவாள். அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். பட்டம் வாங்கிக் கிடைத்த வேலை, வருந்துகிற வேலை.

(அவள்தான் நானா என்று கேட்கிறவர்களுக்கு: நான் புகார்ப் பிரிவில் வேலை பார்த்ததில்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து கிளம்புகிறார்கள். மூன்று இரவு காட்டில், முதுகில் மூட்டை, கால்நடையாக. கூட்டத்தின் தலைவனைக் கேப்டன் என்பார்கள். கப்பல் ஏதும் அவனிடம் இல்லை, இரண்டு டெண்ட் இருந்தது. பழையதை அவளுக்கு இரவல் கொடுத்தான். ஆரஞ்சு நிறம், ஒரு ஆள் படுக்கலாம், சுருட்டினால் தலையணை அளவு.

* கட்டுரைக்கு வைத்திருந்த குறிப்பு, வீணாக வேண்டாம்: விலை கூடினதை இரவல் வாங்குங்கள், மலிவானதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். ஆனால் இரவல் பொருள் வீட்டுக்குள் வந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

('எனக்கு' என்று விழுந்துவிட்டது. 'அவளுக்கு' என்று படித்துக்கொள்ளுங்கள்.)

3

ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஜன்னலோரம் தையல் மிஷின். கிடங்கில் சுமை தூக்கிவிட்டு வந்த அப்பா முதுகைத் தரையில் ஒட்டினாற்போல் நேராகப் படுத்திருந்தார். அம்மா நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்கா? எதுக்கு?"

"நடக்கம்மா."

"நடந்து எங்க போய்ச் சேரணும்?"

"எங்கயும் இல்ல. சுத்திட்டுத் திரும்பி வந்துடுவோம்."

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். "கேட்டீங்களா? மூட்டையைத் தூக்கிட்டு நடந்து, கிளம்பின இடத்துக்கே வர்றாங்களாம்."

"கூலி யார் தர்றா?" என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல்.

"கூலி எல்லாம் இல்லப்பா. நாமதான் காசு கட்டணும்."

அப்பா கண்ணைத் திறந்தார். "மூட்டையும் நாமே தூக்கணும், காசும் நாமே குடுக்கணும். பரவாயில்லயே. எங்க முதலாளிக்கு இது தெரியாம இருக்கணும் பாப்பா."

இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன். அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்து, கனமானதை முதுகை ஒட்டி வை, லேசானதை அடியில் வை என்று தன் தொழில் நுணுக்கத்தைச் சொல்கிறார். படித்த மகள் வெட்கித் தலை குனிகிறாள். நன்றாகவே வந்தது. கண்ணில் தண்ணீர்கூட வரும். அதனால்தான் கிழித்தேன். எங்களைப் போன்ற வீட்டு அப்பாக்கள் கதைக்குள் வந்தால் யாருக்காவது பாடம் நடத்தியே ஆக வேண்டுமா? அவருக்கு முதுகு வலிக்கிறது. அவர் சொன்னது இது: "நாலு நாள் லீவு கிடைச்சா படுத்துத் தூங்கு." சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். மூட்டை கட்டுவதை அவள் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள்.

4

மூட்டை கட்டுவதற்கு ஒரே விதி: உள்ளே போகிற ஒவ்வொரு பொருளும் 'நான் இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். டார்ச், பதில் வைத்திருக்கிறது. மாற்றுச் சாக்ஸ், வைத்திருக்கிறது. மழைக்கோட்டு வாங்கக் காசில்லாவிட்டால் பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டுக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும். மரங்கள் சிரிக்காது.

ஆனால் அவள் எடுத்து வெளியே வைப்பதை எல்லாம் அம்மா எடுத்து உள்ளே வைத்தாள். தலையணை. இரண்டு போர்வை. சில்வர் டம்ளர். கடைசியில் ஒரு பூட்டு.

"இது எதுக்கும்மா?"

"ராத்திரி அந்த ஜிப்பை இழுத்துப் பூட்டிக்க."

"கரடி என்ன, சாவி கேட்டா வரப்போகுது?"

"கரடிக்கு யாருடி வாங்கினா? கேப்டனுக்கு வாங்கினேன்."

போகக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. டெண்ட் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள், முப்பது வருஷமாகத் துணி பார்க்கிற விரல். "இதுக்குள்ளயா என் பொண்ணு படுக்கப் போறா? காத்தடிச்சா பிரிஞ்சிடும் போலிருக்கே. நான் பார்த்துச் சொல்றேன். நான் சரின்னு சொன்னா கிளம்பு."

அதாவது அனுமதி இனி டெண்டின் கையில்.

5

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கால்சட்டைக்குப் பக்கவாட்டுத் தையல் போடுகிறவள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'டபுள்'. ஒற்றை வரித் தையலை அவள் நம்புவதில்லை, ஆள் பார்க்காத நேரத்தில் இன்னொரு வரி ஓட்டிவிடுவாள். நூல் வீண், நேரம் வீண் என்று சூப்பர்வைசர் திட்டுவான். "போட்டுக்கிட்டுப் போறவன் குனியும்போது கிழிஞ்சா நீயா போய் நிப்ப?" என்று கேட்பாள். சம்பளத்தில் பிடிப்பார்கள். மறுநாளும் ஓட்டுவாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு பழைய டெண்டையும் ஒரு விடுமுறை நாளையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும்?

மகள் வேலை முடிந்து வந்தபோது டெண்ட் மிஷின்மேல் மடித்து வைத்திருந்தது. கூரை நெடுக, மூலை நெடுக, எல்லா இணைப்பிலும் புதிதாக இரட்டை வரித் தையல். கோடு பிசகாத தையல், அதில் குறை சொல்ல முடியாது.

"இனி யானை இழுத்தாலும் வராது" என்றாள் அம்மா. "உள்பக்கம் என்னமோ பிளாஸ்டிக் டேப்பு ஒட்டிக் கிடந்துச்சு. எங்க லைன்ல துணி நகராம இருக்க டேப்பு ஒட்டுவோம், தைச்சு முடிச்சதும் உரிச்சிடுவோம். உன் கேப்டனுக்கு வித்தவன் உரிக்க மறந்துட்டான் போல. முழுசா உரிச்சு எடுத்துட்டேன்."

குப்பைக்கூடையில் அந்த டேப் பாம்புச்சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது.

டெண்ட் பற்றித் தெரியாதவர்களுக்காக: துணியில் ஊசி இறங்கின ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைகளில் மழை இறங்காமல் காப்பதுதான் உள்ளே ஒட்டியிருக்கும் டேப். அம்மா டேப்பை உரித்துவிட்டு, ஓட்டையை மூன்று மடங்காக்கியிருந்தாள்.

6

முதல் வரைவு: அவள் கத்தினாள், "அம்மா, இரவல் பொருள்மா, உன்னை யார்

வேண்டாம். கத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது வரைவு: அவளுக்குக் கண் கலங்கியது. தையலைத் தடவினாள். அன்பு என்பது

சீ.

நடந்தது இதுதான். "நல்லா இருக்கும்மா" என்றாள். மறுநாள் கேப்டனிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள், டேப் போன டெண்ட் என்ன ஆகும் என்று. "சல்லடை ஆகும்" என்றான். "ஹார்டுவேர் கடையில சிலிக்கோன் பசை வாங்கி, தையல் மேல பூசிக் காயவிட்டா சரியாயிடும். ஏன், உரிஞ்சிடுச்சா?"

"இல்ல, ஒரு சந்தேகம்."

பசை வாங்கிவிட்டாள். மலிவுதான். காய ஒரு நாள் போதும். வாசகர்களே, கவனியுங்கள், பிரச்சினை இவ்வளவு சின்னது. "அம்மா, டேப்பை உரிச்சிருக்கக் கூடாது, பரவாயில்ல, இதைப் பூசிடலாம்" என்றால் முடிந்தது. இதைச் சொல்ல ஒருத்திக்கு என்ன தடை?

சொல்கிறேன். காய்ச்சல் விட்டதும் அம்மா மாத்திரையைப் பாதியில் நிறுத்தினபோது, முழுசாகச் சாப்பிடணும் என்று இவள் ஒருமுறை சொன்னாள். "நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா விழுங்கினாள். அப்புறம் இரண்டு நாள் சகஜமாகப் பேசவில்லை. கோபம் என்றால் சமாளிக்கலாம். அம்மா ஏதோ விருந்தாளியிடம் நடக்கிற மாதிரி நடந்தாள். 'காப்பி வேணுமா' என்று கேட்டுக் கொடுத்தாள். பெற்ற மகளிடம்! இவள் பட்டம் வாங்கின பிறகு அந்த வீட்டில் யாராலும் சாதாரணமாக ஒரு தப்பு செய்ய முடியவில்லை. தப்பு என்று இவள் சொன்னால் அது தீர்ப்பு. யார் இவளை நீதிபதி ஆக்கினது? இவள் கேட்டாளா? படிக்க வைத்தவர்களே மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்று கைகட்டிக்கொண்டால், மேலே இருக்கிறவள் எப்படி இறங்குவது?

கோபத்தில் கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. திரும்புவோம்.

இதற்குள் அம்மா தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டாள்: "என் பொண்ணு காட்டுல என் தையலுக்குள்ளதான் தூங்கப் போறா." சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறாள். டபுள் போட்டதைச் சேர்த்தே சொல்லியிருக்கிறாள்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை. பேருந்து திங்கள் காலை. இப்போது பூசினால்தான் காயும். பையைத் துழாவிய அம்மாவின் கையில் பசை டியூப் அகப்பட்டது.

"என்னடி இது?"

"டெண்டுக்குப் பூசறது."

"டெண்டுல எங்க?"

"தையல் மேல."

அம்மா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் தையல் மேலயா?"

"எல்லாத் தையல் மேலயும் பூசுவாங்கம்மா."

"அப்போ என் தையல் தாங்காதுன்னு நினைக்கிற."

"அப்படிச் சொல்லலயே."

"நீ எங்க சொல்ற? நீ எதையும் சொல்றதே இல்ல. வா மாடிக்கு. ஒரு வாளி தண்ணி எடுத்துக்க."

மொட்டைமாடியில் டெண்ட் நின்றது. கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் பூசணிக்காய் மாதிரி. அப்பாவும் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து தொட்டி நிழலில் உட்கார்ந்தார். "காட்டுக்குப் போக வேணாம்னு பார்த்தா, காட்டை மாடிக்கே கொண்டாந்துட்டீங்களே" என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். உள்ளிருந்தே ஜிப்பை இழுத்தாள். "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் மேல விழட்டும். நீ போகவும் வேணாம், நான் மிஷின்ல உட்காரவும் வேணாம். விழலன்னா அந்தப் பசையைத் தூக்கிப் போட்டுட்டு நாளைக்குக் கிளம்பு. ஊத்துடி!"

துணி வழியாக அம்மாவின் நிழல் தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தாள், கூரைத் தையலுக்கு நேர் கீழே.

அவள் வாளியைத் தூக்கினாள்.

8

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) பக்கவாட்டில் தையல் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றுகிறாள். தண்ணீர் சரிந்து ஓடுகிறது. அம்மா உலர்ந்த தலையோடு வெளியே வந்து, அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறாள். பசை குப்பைக்குப் போகிறது. மகள் காட்டுக்குப் போகிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காட்டில் மழை பெய்யும். அந்த மழையை எழுத வேண்டியவள் நான். இரவு முழுக்க அம்மாவின் தையல் வழியாக ஒழுகும், காலையில் கேப்டன் அந்தத் தையலைப் பிடித்துப் பார்த்து "எந்த முட்டாள் இதைத் தைச்சது?" என்று கேட்பான். அதற்கு அவள் சொல்லப் போகிற பதிலை எழுத எனக்குக் கை வரவில்லை.

(ஆ) கூரைத் தையலின் மேலேயே ஊற்றுகிறாள். சொட்டு விழுகிறது. அம்மா

அம்மா என்ன சொல்கிறாள்? சிரிக்க வைத்தேன், பொய்யாக இருந்தது. அழ வைத்தேன், அதைவிடப் பொய். "சரி, பசையை எடு, ரெண்டு பேரும் பூசுவோம்" என்று சொல்ல வைத்தேன். அது நான் ஆசைப்படுகிற அம்மா. எத்தனை விதமாக எழுதினாலும் என் குரல்தான் வருகிறது. யோசித்ததில் காரணம் புரிந்தது. அந்தச் சொட்டு விழுந்த பிறகு அம்மா என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட நான் அங்கே ஊற்றியதில்லை. மாத்திரைக்குப் பிறகு எல்லா வாளியையும் பக்கவாட்டிலேயே ஊற்றிப் பழகினவள் நான்.

ஆம், நான். அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

இதழுக்குக் கட்டுரை போகாது. இதைத்தான் அனுப்பப் போகிறேன். அச்சில் வந்தால் அம்மா படிப்பாள், என் பேர் போட்ட எதையும் அவள் விடுவதில்லை. ஆனால் இதழ் வர மாதக்கணக்கு ஆகும், மாடியில் நிற்கிறவளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. வெயில் ஏறுகிறது. வாளி கனக்கிறது. நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள். பக்கவாட்டில் ஊற்றினால் அவள் நாளைக்குக் கிளம்பிவிடலாம். கூரைமேல் ஊற்றினால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உள்ளேயிருந்து குரல் வருகிறது:

"என்னடி, தண்ணி எடுக்கப் போனியா, கிணறு வெட்டப் போனியா? ஊத்து!"