நாற்பத்தொன்று வரை

பிரெய்ரி ஃபோர்க் ஊரில் டேரியஸ் கோப் வைத்துவிட்டுப் போன பாக்கி அறுபத்துநான்கு டாலர் முப்பது சென்ட். பத்தொன்பது நாள் அறை வாடகை, கஞ்சி, சூப், காலைச் சாப்பாடு, டாக்டர் இரண்டு தடவை வந்துபோன கூலி, கடைசியில் சிகாகோவுக்கு ஒரு ரயில் டிக்கெட். ஓட்டல்காரர் லெமுவேல் ஃபிஸ்க் அதை ஒவ்வொன்றாகப் பேரேட்டில் எழுதி, கூட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்து, காய்ச்சல் விட்ட கோப்பின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "முடியறப்ப அனுப்பு" என்றார். அவ்வளவுதான்.

அது நடந்து இரண்டு வருஷம். முடியவில்லை என்று கோப் தனக்குள் சொல்லிக்கொள்வான். அனுப்பவில்லை என்பதுதான் சரி.

கோப்பின் பிழைப்பு விகடம். கோடைகாலம் முழுக்க ஊர் ஊராகக் கூடாரம் போட்டுச் சொற்பொழிவு, பாட்டு, பாதிரியார் பேச்சு என்று நடத்தும் கம்பெனியில், பாதிரியாருக்கும் பாட்டுக்காரிகளுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் அவனுடையது. டிரங்குப் பெட்டியில் ஐந்து டோப்பா, நான்கு தொப்பி, மூன்று கண்ணாடி. அவற்றை மாட்டியும் கழற்றியும் ஒரே ஆள் ஒரு ஊரையே மேடைக்குக் கொண்டுவருவான். காது கேளாத கிழவி, பொய் சொல்லும் குதிரைத் தரகன், பல் இல்லாத நீதிபதி. அதற்கு முன்னால் பத்து வருஷம் ரயில் பாதையில் தண்டவாளம் தூக்கியவன். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது இருபத்தாறு வயதில். அதுவரை எல்லாம் காதுதான். ஒருவர் பேசியதை ஒருமுறை கேட்டால் போதும், மூக்கடைப்போடு சேர்த்துத் திருப்பிச் சொல்லிவிடுவான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சவரக் கடைக்குப் போக வேண்டும். பதினைந்து சென்ட் கொடுத்துச் சவரம் செய்துகொண்டால் அரை மணி நேரத்தில் ஊரே கைக்கு வந்துவிடும். யார் கஞ்சன், யார் குளத்தில் விழுந்தான், எந்தப் பக்கத்து ஊரைக் கிண்டல் செய்தால் இவர்களுக்கு மனசு குளிரும், யார் புதிதாகச் செத்தார்கள், யார் பெயரை எடுக்கக் கூடாது. அதைக் கேட்காமல் மேடையேறுகிறவன் இருட்டில் தண்டவாளத்தின் மேல் நடக்கிற மாதிரிதான்.

இப்போது கூடாரம் வந்து இறங்கியிருந்தது பிரெய்ரி ஃபோர்க்கில்; காய்ச்சலுக்குப் பிறகு கோப் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. அங்கே சவரக் கடை ஃபிஸ்க் ஓட்டலுக்கு நேர் எதிரே இருந்தது.

கோப் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரில் தானே சவரம் செய்துகொண்டான். தாடையில் வெட்டிக்கொண்டான்.

மதியம் இரண்டு மணிக்கு மேற்பார்வைக்காரர் விட்டேகர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்துப்பட்டி வேர்வையில் நனைந்து தொங்கியது. கையில் கம்பெனியின் ஒப்பந்தத் தாள். அடுத்த வருஷமும் கூடாரம் வர வேண்டுமென்றால், டிக்கெட் விற்காமல் விழுகிற துண்டைத் தாங்களே தருவதாக ஊர்க்காரர்கள் இருபத்தைந்து பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருஷம் சோளம் விலை கிடந்த கிடப்பில் டிக்கெட் போகவில்லை. போன வருஷம் கையெழுத்துப் போட்ட கடைக்காரர்கள் ஆளுக்குப் பதினாறு டாலர் சொந்தக் கையிலிருந்து கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ் கோப், சிரிச்ச வாயோட இருக்கறப்பதான் மனுஷன் கையெழுத்துப் போடுவான். சிரிப்பு அடங்கறதுக்குள்ள நான் பேப்பரோட ஏறிடணும். அந்த ஓட்டல்காரன் ஐட்டத்தைப் போடு."

"இந்த ஊர்ல வேணாம் சார்."

"ஏன்? நூறு ஊர்ல போட்டிருக்க. கூடாரக் கம்பமே ஆடுச்சு."

"அந்த ஆளு இந்த ஊர்க்காரர்."

விட்டேகர் வாயெல்லாம் பல்லானார். "அட கிறுக்கா, இதை ஏன்யா ஒளிச்சு வச்சிருந்த? சொந்த ஊர்க் கஞ்சனைப் பார்த்து எவன் சிரிக்காம இருப்பான்? பேரைச் சொல்லாத. பேரு அவங்களே சொல்லுவாங்க."

கோப் திரை ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான். அறுநூறு பேருக்கான பெஞ்சில் முந்நூறு பேர். எல்லார் கையிலும் விசிறி அசைந்தது. சவப்பெட்டிக் கடைக்காரர் தன் பெயரை அச்சடித்து இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி. வரிசை வரிசையாகத் தேடினான். ஃபிஸ்க் இல்லை. எப்படி இருப்பார்? இரண்டரை டாலர் கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஆளா அவர்? கோப்புக்கு மூச்சு வந்தது. இல்லாத ஆளைச் செய்தால் தெரியவா போகிறது.

கிழவியும் தரகனும் சுமாராகப் போனார்கள். பிறகு நரைத்த டோப்பாவை மாட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எண்ணுவதற்கு முன்னால் ஃபிஸ்க் இழுக்கும் அந்த மூக்குறிஞ்சலை இழுத்தான்.

"ம்ஹ்... காய்ஞ்ச பிளம் பழம். ஆளுக்கு அஞ்சு."

பின் வரிசையில் ஒருவன், "ஐயையோ, அப்படியே ஃபிஸ்க்!" என்று கத்தினான். கூடாரம் குபீரென்று சிரித்தது. சிரித்த வேகத்திலேயே, யாரோ கயிற்றை அறுத்த மாதிரி நின்றது. விசிறிகளும் நின்றன.

கோப்புக்குப் புரியவில்லை. ஆனால் மேடையில் சறுக்கினால் இன்னும் அழுத்தித்தான் மிதிப்பார்கள். தண்டவாளத்தை நான்கு பேர் தூக்கிப் போகும்போது ஒருவன் நடுவழியில் கையை விட முடியாது. அவனும் விடவில்லை. அடுத்த வேடிக்கைக்குப் போனான். காய்ச்சலில் கிடக்கும் விருந்தாளியின் அறைக்குள் ஓட்டல்காரன் பூனை மாதிரி நுழைகிறான். சுவரில் மூன்று வருஷத்துப் பழைய காலண்டர். புதிது வாங்கக் காசு போகுமே! அந்தப் பழைய காலண்டரில் விரலை வைத்து நோயாளியின் வாடகை நாளை எண்ணுகிறான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எண்ண எண்ண வேகம் கூடும். நடுவில் ஒரு தாளைப் புரட்டுவான். "முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு." அங்கே ஒரு நிறுத்தம். பிறகு தலையைச் சொறிந்து, "அடச்சே, தப்பாயிடுச்சு, முதல்லேர்ந்து!" மற்ற ஊர்களில் இந்த இடத்தில் ஆட்கள் பெஞ்சிலிருந்து விழுவார்கள்.

இங்கே ஒரு குழந்தை இருமியது மட்டும் கேட்டது.

மூன்றாவது வரிசையில் கறுப்பு உடுத்திய ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் எண்ணும்போது அவள் உதடும் கூடவே அசைந்ததை அப்போதுதான் கோப் கவனித்தான். நாற்பத்தொன்றில் உதடு நின்றுவிட்டது. அவளை அவனுக்குத் தெரியும். பதினொரு நாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டியவள். அல்மீரா ஃபிஸ்க்.

கறுப்பு எதற்கு என்பது அவனுக்கு மெல்ல உறைத்தது.

விட்டேகர் தாளோடு ஏறி, கெஞ்சி, விகடம் பேசி, கடைசியில் பைபிளையும் இழுத்துப் பார்த்தார். ஒன்பது கையெழுத்து விழுந்தது. இறங்கி வந்தபோது அவர் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"பிப்ரவரியிலயே போய்ச் சேர்ந்துட்டானாம்யா! பொண்டாட்டி முன்னாலயே செத்தவனை வச்சுக் கூத்தடிச்சிருக்க. சவரக் கடையில கேக்க மாட்டியா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!"

"போகல சார்."

"ஏன் போகல?"

கோப் டோப்பாவை மடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஓக் சைடிங். அங்க அந்தக் கிழவனை எவனுக்கும் தெரியாது. அதே ஐட்டத்தைப் போடு. கூடாரம் அதிரணும், கையெழுத்து விழணும். இல்லேன்னா அங்கேர்ந்தே ரயிலேறிடு. அந்த ஒண்ணுக்காகத்தான்யா உன்னை வச்சிருக்கேன். கிழவியும் நீதிபதியும் எவன் வேணா பண்ணுவான்."

அவர் போன பிறகு கோப் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் குந்தினான். வீடு என்று போக அவனுக்கு இடம் இல்லை. நாற்பத்தாறு வயதில் தண்டவாளம் தூக்க யார் சேர்ப்பார்கள்? முதுகு இப்போதே குனிந்தால் நிமிர மறுக்கிறது.

கூடாரத் துணி விலகியது. அல்மீரா நின்றாள். கக்கத்தில் தடித்த பேரேடு.

கோப் எழுந்து காலுறைக்குள் கையை விட்டான். "அம்மா, முப்பத்தோரு டாலர் இருக்கு. மிச்சத்தை..."

"பணத்தை உள்ள வைங்க மிஸ்டர் கோப். ஒண்ணு கேக்கணும். அந்த நாப்பத்தொண்ணு, அது நீங்களா கற்பனையில கட்டினதா? இல்ல அவர் எண்ணினதா?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"காரணம் தெரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தகுந்த பதில் சொல்லுவீங்க. முதல்ல பதில்."

அவள் குரல் உயரவில்லை. கோப் அந்த முகத்தைப் பார்த்தான். நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிடலாம். அவள் இதுவரை எதைச் சுமந்தாளோ அதையே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். உண்மையைச் சொன்னால் வேறு எதையோ அவள் தோளில் ஏற்றுகிறோம் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. எது கனம் குறைவு என்று தெரியவில்லை.

"எனக்குக் கட்டத் தெரியாதும்மா. கேட்டதைத் திருப்பிச் சொல்றவன் நான். அவர்தான் எண்ணினார்."

"எப்ப?"

"மத்தியானம். நீங்க துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனதும் வருவார். நான் தூங்கறேன்னு நெனைச்சுக்குவார். காலண்டர்ல விரலை வச்சு எண்ணிட்டுப் போயிடுவார். தினமும். வாடகையைத்தான் எண்ணறார்னு நெனைச்சேன்."

அல்மீரா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"பத்தொம்பது நாள் தங்கினவருக்கு எதுக்கு நாப்பத்தொண்ணு எண்ணணும்? அது என் பையன் கிளைடோட அறை. பதினேழு வயசு. பட்டாளத்துல சேர அப்பன் கையெழுத்து வேணும்னான். நான் மாட்டேன்னேன். இவர் போட்டார். நவம்பர் ஒண்ணாம் தேதி. சண்டைக்குக்கூடப் போகல புள்ள. முகாமிலயே அம்மை போட்டு, நெஞ்சுல சளி கட்டி... டிசம்பர் பதினொண்ணு தந்தி வந்துச்சு. எண்ணிப் பாருங்க."

கோப் எண்ணவில்லை.

"காலண்டரை மாத்தாத கஞ்சன்னு சொன்னீங்களே. நான் அதைக் கழட்டப் போனேன். என் கையைப் புடிச்சு இழுத்துவிட்டார். நானும் கஞ்சத்தனம்னுதான் நெனைச்சேன். அதுக்கப்புறம் நாலு வருஷம், ஒரே மேஜை. ஒரு வார்த்தை, 'நான் போட்டிருக்கக் கூடாது அல்மீரா'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரல. கல்லுன்னு விட்டுட்டேன். சாகறப்ப கையை நீட்டினார். நான் போர்வையைச் சரி பண்ணினேன்."

வெளியே கூடார ஆட்கள் பெஞ்சை அடுக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தட்டுல ஆறு பழம் வைப்பார். ஏட்டுல அஞ்சுன்னு எழுதுவார். நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. அதை ஏன் மேடையில சொல்லல?"

"அதுக்குச் சிரிப்பு வராதும்மா."

"ம்." அவள் அதை ஏதோ விலை விசாரித்த மாதிரி கேட்டுக்கொண்டாள். "இப்ப எண்ணுங்க. டோப்பா வேணாம்."

கோப் எண்ணினான். ஃபிஸ்க்கின் மூக்குறிஞ்சல், ஃபிஸ்க்கின் வறட்டுத் தொண்டை. மேடையில் கூட்டும் வேகத்தைக் கூட்டவில்லை. அறையில் கேட்டபடி, ஒவ்வொரு கட்டமாக, விரல் நகரும் நேரத்தை விட்டு விட்டு. முப்பதில் தாள் புரளும் சத்தத்தை நாக்கால் செய்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று வந்தது. பழக்கத்தில் வாய் அடுத்ததற்குத் திறந்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"தப்பாயிடுச்சு, முதல்லேர்ந்துன்னு அவர் சொன்னாரா?"

கோப்பின் காது சுட்டது. "இல்லம்மா. அது மட்டும் நான் சேர்த்தது. நாப்பத்தொண்ணு ஆனதும் கொஞ்ச நேரம் நிப்பார். வெளிய போயிடுவார்."

"அப்ப அந்த வார்த்தை உங்களுது. அதை நீங்களே வச்சுக்குங்க. பழத்தையும் வச்சுக்குங்க. ஊரே சிரிச்சதுதான், நானும் சிரிச்சிருக்கேன். அந்த எண்ணிக்கை என்னுது. இனிமே எந்த ஊர்லயும் அது வரக் கூடாது."

எண்ணிக்கை இல்லாமல் ஓட்டல்காரன் ஒன்றுமே இல்லை. ஐந்து பழத்துக்கு எவனும் பெஞ்சிலிருந்து விழ மாட்டான். நாளைய ஓக் சைடிங், விட்டேகரின் சிவந்த முகம், ரயில் நிலையத்துப் பெஞ்சு எல்லாம் கோப்பின் கண்ணில் வரிசையாக வந்தன. "சொல்ல மாட்டேம்மா" என்றான். "சும்மாவே எடுத்துக்குங்க. என் பாக்கி தனியா இருக்கட்டும், அனுப்பிடறேன்."

"நீங்க அனுப்பமாட்டீங்க மிஸ்டர் கோப். அதுவுமில்லாம, ஃபிஸ்க் வீட்டுல யாரும் எதையும் சும்மா வாங்கினதில்ல. சும்மா குடுக்கற வாக்கை எனக்கு நம்பத் தெரியாது."

பேரேட்டை மடியில் விரித்தாள். ஃபிஸ்க்கின் குச்சி எழுத்து, அடியில் இரண்டு கோடு. அவள் பேனாவால் பக்கத்துக்குக் குறுக்கே ஒரே கோடாக இழுத்தாள். அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினாள். கோப் எழுத்துக்கூட்டித் தலைகீழாகப் படித்தான். *நாற்பத்தொரு நாள். டேரியஸ் கோப்பிடமிருந்து வாங்கியது. விலை 64.30. பாக்கி இல்லை.*

"போடுங்க" என்று பேனாவை நீட்டினாள்.

இருபத்தாறு வயதில் கற்ற பெரிய எழுத்து அவனுடையது. விட்ட இடத்துக்குள் அடங்கவில்லை. பெயரின் கடைசி எழுத்து ஃபிஸ்க் போட்ட இரண்டு கோட்டின் மேல் ஏறி நின்றது. அல்மீரா மை காயும்வரை ஊதினாள். பேரேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துணியை விலக்கி வெயிலுக்குள் போனாள்.