கடைசியில் நின்ற வண்டி

வடக்கே குளிர் தேசத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கைப்பிள்ளைகள் பகலில் வெளியேதான் தூங்கும். குளிரானாலும் சரி, தூறலானாலும் சரி, குழந்தை வண்டிக்குள் கம்பளி போர்த்திப் படுக்க வைத்து, மேலே மூடியை இழுத்துவிட்டு, நாங்கள் உள்ளே போய்க் காப்பி குடிப்போம். எந்த வண்டி அழுதாலும் பக்கத்தில் இருப்பவர் ஆட்டிவிடுவார். ஆனால் அடுத்தவர் வண்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்க மாட்டோம். அது அடுத்த வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அந்த இலையுதிர்காலத்தில் மனைவி மாரென் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கைக்குழந்தை வீபெயைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. வீட்டில் இமைகூட மூடாத ராட்சசி, துறைமுகப் பூங்காவுக்குப் போனால் மட்டும் தூங்கிவிடுவாள். பூங்கா என்று பெயர்தான் பெரிது. கடலோரம் கொஞ்சம் புல், சில பெஞ்சுகள், வெட்கமில்லாமல் ரொட்டி கேட்கும் வாத்துகள், குட்ரூன் அக்காவின் காப்பிக் கொட்டகை. அதன் சுவரோரம் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

வரிசையின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய வண்டி தினமும் நிற்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

"அந்தக் கடைசி வண்டி யாரோடதுடா?" என்று ஹென்னிங்கைக் கேட்டேன். அவனும் என்னைப் போலப் பிள்ளை வளர்க்க விடுப்பில் இருப்பவன்.

"உன் வண்டி பக்கத்துலதான நிக்குது, என்னைக் கேக்குற? குட்ரூன் அக்கா பேரனா இருக்கும்."

குட்ரூன் அக்கா கோப்பையைத் துடைத்தபடி திரும்பினாள். "என் பேரன் சைக்கிள் ஓட்டுறான்டா. உங்கள்ல எவனோடதோன்னு நெனச்சு நான்தான் தெனமும் ஆட்டி விடுறேன்."

"நானுந்தான் ஆட்டுறேன்" என்றான் ஹென்னிங். எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மூடுபனி. கொட்டகை வாசலிலிருந்து தண்ணீரே தெரியவில்லை. வீபெயை எங்கள் நீல வண்டியில் தூங்க வைத்து, சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்த சற்று நேரத்தில் அழுகை கேட்டது. போய்ப் பார்த்தேன். அழுதது சாம்பல் வண்டி. வழக்கம்போல ஆட்டினேன். அடங்கவில்லை. அழுகையின் முடிவில் ஒரு விக்கல் வந்தது. வீபெ அழுதால்தான் அந்த விக்கல் வரும்.

பழக்கமாவது மண்ணாவது என்று மூடியைத் தூக்கினேன். உள்ளே வீபெ கிடந்தாள். என் மகள், அவளுடைய மஞ்சள் சட்டையோடு. தலைமுடி ஈரமாக இருந்தது, கடல் வாசம் அடித்தது. அவளை அள்ளி எடுத்தேன்.

பக்கத்தில் எங்கள் நீல வண்டி, நான் விட்டுப்போனபடியே மூடியிருந்தது. யாரும் தொடாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பிள்ளையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சாயங்காலம் மாரெனிடம் வண்டிச் சக்கரம் கழன்றுவிட்டது என்று புளுகினேன்.

"அதுக்கு அங்கயே போட்டுட்டு வருவியா? எங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தது. கம்பளிகூட அவங்க பின்னினது. நாளைக்கு வண்டி வீட்டுல இருக்கணும், சொல்லிட்டேன்."

மறுநாள் நல்ல வெயில். வெயிலில் எல்லாமே நேற்றைய பிரமையாகத் தோன்றியது. வீபெயை மார்பில் கட்டிக்கொண்டு போனேன். சாம்பல் வண்டியைக் காணோம். அது நின்ற இடத்தில், வரிசையின் கடைசியில், எங்கள் நீல வண்டி நின்றது. ஹென்னிங் வியர்க்க வியர்க்க ஆட்டிக்கொண்டிருந்தான்.

"வாடா மகராசா! புள்ளைய வெளிய விட்டுட்டு எங்கடா போய்த் தொலைஞ்ச? நான் வந்ததுலேருந்து கத்திக்கிட்டே இருக்கு." என் கோட்டிலிருந்து வீபெ தலையை நீட்டியதும் அவன் வாய் பிளந்தது. "அடப்பாவி, ரெட்டைப் புள்ளையா? சொல்லவே இல்லையே!"

வண்டிக்குள்ளிருந்து அழுகை வந்தது. அந்த அழுகையின் முடிவிலும் விக்கல் இருந்தது.

குட்ரூன் அக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னப்பா மரம் மாதிரி நிக்குற? அப்பன் கை பட்டாத்தான் அது அடங்கும்."

என்னுடையது இல்லை என்று சொல்லலாம். வண்டி எங்களுடையது, கம்பளி மாமியார் பின்னியது, யார் நம்புவார்கள்? கைப்பிடியைத் தொட்டேன். அழுகை சட்டென்று நின்றது.

"பாத்தியா, அப்பன்னு தெரியுது" என்றாள் குட்ரூன் அக்கா.

கையை எடுத்தேன். மறுபடி அழுதது. என் மார்பில் இருந்த வீபெயும் அந்தச் சத்தத்தைக் கேட்டு உதடு பிதுக்கினாள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் உள்ளே இருப்பது எதுவானாலும், அது பிள்ளை அழுகிற மாதிரிதான் அழுதது. எவ்வளவு நாளாக அழுததோ, நாங்கள் எல்லோரும் ஆட்டினோமே தவிர, ஒருவர்கூட அதை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை.

மூடியைத் தூக்காமலேயே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். முன்பைவிடக் கனத்தது.