ஆடத் தெரியாத ஆள் தேவை

ஆடத் தெரிந்தால் சொல்லித்தரவும் தெரியும் என்ற நினைப்பில்தான் நடன ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்சி நடத்தும் மேடம் என் மூக்கை உடைத்தார்.

"உனக்கு ஆடத் தெரியும்ங்கறதுதான் உன் வியாதியே. அதைக் குணமாக்கத்தான் இந்த வகுப்பு" என்றார்.

மேடம் ஆடி நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிச் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு மணி இருக்கும். அதை அடித்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். தேர்வு பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தெரியாத ஒருவருக்குத் தெரியாத ஒன்றை, மணி அடிப்பதற்குள் தெரியவைக்க வேண்டும். தெரியவைத்தால் சான்றிதழ். இல்லாவிட்டால் வந்த வழியே வீட்டுக்கு.

எனக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் மாலை வகுப்பு நடத்த இடம் இருந்தது. "சான்றிதழைக் காட்டுங்க, கூடம் உங்களுக்குத்தான். இல்லேன்னா யோகாக்காரருக்குக் குடுத்துடுவோம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நானோ அதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் 'இனிமேல் நான் டீச்சர்' என்று தம்பட்டம் அடித்துவிட்டேன். தோற்றுப்போய் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்தப் படியேறுவது?

பயிற்சியில் என்னோடு ஒரு பஸ் கண்டக்டர், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ், ஒரு ஜிம் மாஸ்டர், இன்னும் சிலர். ஒருவர் டீச்சராக நிற்க வேண்டும், மற்றவர்கள் ஒன்றும் தெரியாத மாணவர்களாக நடிக்க வேண்டும். வந்தது வினை. ஒருவருக்கும் தெரியாத மாதிரி இருக்கத் தெரியவில்லை. கண்டக்டர் "வலது காலை முன்னால..." என்று வாயெடுப்பதற்குள் நர்ஸ் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். தடுக்கி விழச் சொன்னால் அவள் ஒரு அழகோடு விழுவாள். நான் சொல்லித்தரும்போது ஜிம் மாஸ்டர் பின்னால் வந்து என் முழங்கையைத் தூக்கி வைப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முழங்கையாலேயே ஒரு இடி இடித்தேன். அவர் அதையும் ஒரு ஸ்டெப் என்று நினைத்துத் திருப்பிச் செய்தார்.

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு அசல் மக்கு வேணும். உங்க யார் வீட்டுலயாவது இருக்கா?"

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக்காரர் இருக்கார் மேடம்!"

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி ஆளைக் குறைத்தபோது முதலில் இவரைத்தான் குறைத்தது. அன்றிலிருந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கையில் ரிமோட் இருக்கும், டிவி ஓடாது. என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் "ஏதாவது" என்பார். நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

"சும்மா வந்து தலையைக் காட்டிட்டுப் போயிடுங்க. என் மானம் போயிடும்" என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் இழுத்துப் போனேன்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர் மாதிரி மேடம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கையைத் தட்டச் சொன்னார். இவர் ஒரு தட்டு தட்டிவிட்டு, இனி என்ன என்பதுபோல் உள்ளங்கையைப் பார்த்தார். இடுப்பை அசைக்கச் சொன்னார். இவருக்குக் காது அசைந்தது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஏகப்பட்ட கிராக்கி. காலையில் கண்டக்டர் வீட்டு வாசலுக்கே பைக்கில் வந்து ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போனார். நர்ஸ் பழச்சாறு கொண்டுவந்தாள். ஜிம் மாஸ்டர் அவர் பையைத் தூக்கினார். "அண்ணா, அண்ணா" என்று ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். "நேத்தே அண்ணாவுக்குத் தோளெல்லாம் நீ சொல்லிக்குடுத்து முடிச்சிட்ட. எனக்கு என்னதான் மிச்சம்?" என்று நர்ஸ் ஜிம் மாஸ்டரோடு மல்லுக்கு நின்றாள். லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்ட நாட்களில்கூட என் வீட்டுக்காரரை யாரும் இப்படித் தேடியதில்லை.

"மேடம், அவர் என் புருஷன். எனக்கே முறை வரல" என்று சண்டைக்குப் போனேன்.

"வீட்டுல நாள் பூரா உன்னோடதான இருக்காரு? உனக்கென்ன அவசரம்?" என்று தேர்வில் என்னைக் கடைசி ஆளாகப் போட்டுவிட்டார்.

மனுஷன் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் சவரம் செய்யும்போது தோள் அசைந்தது. பிறகு சூப்பர்மார்க்கெட் வரிசையில் இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று போனார். பின்னால் நின்ற அம்மாவும் கூடையோடு அதையே செய்தாள். சோறு போட்டால் வாய் மெல்லும், மேசைக்கு அடியில் குதிகால் தட்டிக்கொண்டே இருக்கும். மதியத் தூக்கத்தில் என்னை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே இறக்கிவிட்டார். குடியிருப்பில் லிஃப்ட் குலுங்குகிறது என்று புகார் போய், அவருடைய பழைய கம்பெனியிலிருந்தே ஆள் வந்தான். கோளாறு லிஃப்டில் இல்லை, உள்ளே வருகிறவரிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அவர் சிரித்தார். அதையும் சொல்ல வேண்டும். "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று அவராகவே கேட்டார். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி. கண்டக்டர் சல்சா சொல்லித்தந்து பாஸ். நர்ஸ் வால்ட்ஸ் சொல்லித்தந்து பாஸ். ஜிம் மாஸ்டர், மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றைச் சொல்லித்தந்து பாஸ். ஊரெல்லாம் கூடி என் புருஷனைத் தீர்த்துவிட்டார்கள். தெரியாதது ஒன்றுமே இல்லாத ஆளுக்கு நான் எதைத் தெரியவைப்பது?

வேறு ஆளைக் கொண்டுவரட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். "எல்லாருக்கும் இவருதான், உனக்கு மட்டும் புது ஆளா?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார்.

என் தேர்வுக்கு முதல் நாள் வீட்டுக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "என்னங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும் மறந்துடுங்களேன்."

"நானும் மறக்கத்தான் பாக்கறேன். கால் கேக்க மாட்டேங்குது" என்றார், சுவரோரமாகச் சுற்றி வந்தபடியே. வேண்டுமென்றே தப்பாக ஆடச் சொன்னேன். தப்பும் தாளத்தில் விழுந்தது.

தேர்வு நாள். எல்லாரும் சான்றிதழ் வாங்கிய தெம்போடு சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் அன்று காலையில் குளிக்கும்போது கண்டுபிடித்த, உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு ஸ்டெப்பை எடுத்துவிட்டேன். நான் பாதி செய்வதற்குள் அவர் முழுதும் செய்தார், என்னைவிட நன்றாக.

"தப்பு!" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"பொய் சொல்லாத" என்றார் மேடம்.

பாட்டு முடிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யோகாக்காரர் எங்கள் கூடத்தில் பாய் விரிப்பது கண்முன் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியும் இவர் ஆடிக்கொண்டே இருந்தார். வால்ட்ஸில் ஸ்டூலைச் சுற்றி, சல்சாவில் ஜன்னலைத் தாண்டி, திரும்பவும் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"போதும்ங்க."

"வரலியே!"

"என்ன வரல?"

"நிறுத்த!"

நான் எழுந்து சுவரோரக் கூட்டத்தைப் பார்த்தேன். "உங்கள்ல யாராவது இவருக்கு நிறுத்தச் சொல்லிக்குடுத்தீங்களா?"

கண்டக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜிம் மாஸ்டரைப் பார்த்தாள். ஜிம் மாஸ்டர் மேற்கூரையைப் பார்த்தார். மணி அடித்ததும் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒருவர் விட்ட கையை அடுத்தவர் பிடித்திருக்கிறார். முடிவைச் சொல்லித்தர எவருக்கும் நேரமில்லை. எங்களுக்கெல்லாம் தானாக வந்துவிடுவதால், அது ஒரு பாடம் என்றே எவருக்கும் தோன்றவில்லை.

கண்டக்டர் பழக்கதோஷத்தில் விசிலை ஊதினார். பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு வண்டி நின்றது, இவர் நிற்கவில்லை. "நில்லுங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அதட்டுறது பாடம் ஆகாது" என்றார் மேடம். மணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆக, அவருக்குத் தெரியாத ஒன்று கிடைத்துவிட்டது. போய்ச் சொல்லித்தர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எனக்குக் கால் எழவில்லை. நிறுத்தினால் அவர் திரும்பவும் அந்த சோபா நுனிக்குப் போய்விட்டால்? ஒரு காகிதத்துக்காக என் கையாலேயே அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்கவா? சத்தியமாகச் சொல்கிறேன், 'எனக்குச் சான்றிதழும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், ஆடட்டும்' என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவருக்கு முழங்கால் மடங்கியது. விழாமல் அதையும் ஒரு திருப்பமாக்கி மேலே போனார். கண்ணில் மட்டும் பயம்.

ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நான் எதிர்க்கவில்லை, இழுக்கவும் இல்லை. அவர் ஆடியதையே நானும் ஆடினேன்.

"இப்ப கொஞ்சம் சின்ன அடியா வைங்க. இன்னும் சின்னதா. அவ்வளவுதான். இப்ப பாதம் மட்டும். இப்ப விரல் மட்டும் போதும். என்னைப் பாருங்க. இப்ப மூச்சு மட்டும்."

நின்றார்.

மணி அடித்தது. "பாஸ்" என்றார் மேடம். கூட்டம் கைதட்டியது, நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். இவர் மட்டும் என் கையை விடவில்லை. குனிந்து என் காதில் சொன்னார்.

"நின்னா மறுபடி உக்காந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான்."

நிறுத்தத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கிருந்த அதே பயத்தை அவரும் இத்தனை நாள் தனியாகச் சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம் வேறு வந்தது.

மேடம் சான்றிதழை நீட்டினார்.

"அதை அப்படி ஓரமா வைங்க மேடம். பாடம் பாதியிலதான் நிக்குது. நின்னவரு திரும்பக் கிளம்பணும்ல?" என்றேன்.

"மணி அடிச்சாச்சும்மா."

"அடிச்சா அடிக்கட்டும்."

கண்டக்டர் பாட்டைப் போடப் போனார். வேண்டாம் என்று ஒரு முறை முறைத்தேன். என் வீட்டுக்காரர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாருடைய கால்களோ மாதிரி.

"முதல்ல எந்தக் கால்?" என்று கேட்டார்.

"எது வருதோ அது."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவருடைய இரண்டு காலும் ஒன்றாகவே கிளம்பின.