வியாழக்கிழமைக்கு மட்டும் லீவு இல்லை

வியாழக்கிழமை சாயங்காலமானால் ஸ்பெயினின் விட்டோரியா நகரத்தில் யாருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளாது. நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பி, ஒரு கடையில் ஒரு கிளாஸ் ஒயின், கூடவே ஒரு வாய்த் தீனி, பிறகு அடுத்த கடை என்று தெருவையே சுற்றிவருவார்கள். கோல்தோவும் வாலிபத்திலிருந்து அப்படித்தான். பெண் பிறந்தபின் அவளையும் கூட்டிப்போனான். கடைக்குக் கடை அவளுக்குப் பழச்சாறும் எண்ணெயில் பொரித்த உருண்டையும் வாங்கிக் கொடுத்தான். ஆசையாகக் கொடுக்கிற அப்பனுக்கு அதில் தப்பு தெரியுமா என்ன?

பத்து வயது மகள் உஷுவேயின் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக டாக்டர் இட்ஸியார் சொன்னபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குடிக்கிறவனுக்குத்தானே டாக்டர் ஈரல் கெடும்? இவ வெறும் ஜூஸ்தானே குடிக்கிறா!"

"அந்த ஜூஸும்தான் காரணம். இப்படியே விட்டா ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சுடும். இப்பவே கவனிச்சா சரியாக்கிடலாம். ஆனா அவ மட்டும் மாறினா பத்தாது, குடும்பமே மாறணும்."

ஆஸ்பத்திரியின் பயிற்சி வகுப்பு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம். பிள்ளைகள் கூடத்தில் பந்தோடு ஓடும்போது பெற்றோருக்குப் பக்கத்து அறையில் சாப்பாட்டைப் பற்றிப் பாடம். மூன்றில் ஒரு நாள் வியாழன்! மனைவிக்கு அந்த நேரத்தில் வேலை. கோல்தோதான் போயாக வேண்டும்.

"என்னடா, வியாழக்கிழமை விரதமா?" என்று கூட்டாளி பெயோ தெருவில் மறித்தான். "சாமியாரே, எங்களுக்கும் ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போ!"

மற்ற நாட்களில் உஷுவேயைக் கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வியாழன் மட்டும் அவளே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். ஒருநாள் மழை கொட்டியது. கோல்தோ மெதுவாகத் தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"கால் வலிக்குதுன்னியே, கண்ணு. இன்னிக்கு லீவு போட்டுடலாமா?"

"வலிச்சா வலிக்கட்டும். வியாழக்கிழமைக்கு மட்டும் லீவு இல்ல. குடையை எடுப்பா."

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

குளிர்காலம் கழிந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. தழும்பு எதுவும் இல்லை. கோல்தோ டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, டாக்டர்."

"எனக்கு எதுக்கு? ஓடினது அவ."

உஷுவே எதையும் காதில் வாங்காமல் டாக்டரின் மேசையருகே போனாள். "அப்பாவோட ஈரலையும் படம் எடுப்பீங்களா?"

"ஏம்மா?"

"குடிக்கிறவங்களுக்குத்தான் கெடும்னு அப்பாவே சொன்னாரே. வியாழக்கிழமை நான் வகுப்புக்கு வரலேன்னா இவரு கடைக்குப் போயிடுவாரு. அதான் கால் வலிச்சாலும் வந்தேன்."

மகளுக்காகத் தன் வியாழக்கிழமைகளை எவ்வளவு பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தோம் என்று இத்தனை மாதமாகக் கோல்தோ தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தான். இவளோ வலிக்கிற காலோடு அவனுக்காக ஓடியிருக்கிறாள்! இப்படி ஒரு பெண்ணைப் பெற என்ன புண்ணியம் செய்தோமோ என்று நெஞ்சு விம்மியது.

அவளை இழுத்து உச்சியில் முத்தமிட்டான். பிறகு ஸ்கேன் எடுக்கும் படுக்கையில் ஏறிப் படுத்துச் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"எடுங்க டாக்டர்," என்றான். "என் பொண்ணு பார்க்கணுமாம்."