பயப்படாத கழுதை

தங்கையின் பேட்டி பத்திரிகையில் வந்திருக்கும் விஷயத்தைப் பல்லக்காவிடம் முதலில் சொன்னவர் பல் ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்யும் மெருகுக்காரர்தான். திங்கட்கிழமை காலையில், கைப்பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் முந்தின நாள் இணைப்பிதழை அவள் மேஜைமேல் விரித்துவிட்டார்.

"இது உங்க தங்கச்சிதானே? மூக்கு அப்படியே உங்க மூக்கு."

"மூக்கு மட்டும்தான்" என்றாள் பல்லக்கா.

பத்தொன்பது வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறாள் என்பதால் வந்த பெயர் அது. மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளில் மெழுகை உருக்கி விட்டு, ஊசிமுனைக் கத்தியால் செதுக்கி வடிவம் எடுப்பாள். பிறகு பீங்கான் மாவைக் குழைத்து ஒவ்வொரு பூச்சாகப் பூசிச் சுடுவாள். பக்கத்துப் பல்லில் லேசாகக் கறை இருந்தால் இவள் செய்த பல்லிலும் அந்தக் கறை இருக்கும். எது பிறந்த பல், எது பிறகு வந்த பல் என்று சொந்தக்காரருக்கே மறந்துபோகும். அப்படி ஒரு கை. அந்தக் கையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

அரைப் பக்கத்துக்குத் தங்கையின் புகைப்படம். தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சிரிக்கிறாள். வங்கியில் பத்து வருஷம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள், மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை உதறிவிட்டுக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட வந்துவிட்டாள். 'ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள்?' என்று நிருபர் கேட்டிருந்தார்.

அவள் சொன்ன பதிலைப் பல்லக்கா நின்றபடியே படித்தாள். 'அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். புதிதாக வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் அவரை அப்படியே வரைந்துவிட்டேன். எழுந்து பார்த்தவர் அடிக்கப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு பலமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.'

பல்லக்காவுக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. அந்தக் கரித்துண்டைப் பிடித்த கை அவளுடையது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஏழு வயதில் தங்கைக்குத் தன் மூக்கைச் சிந்தத் தெரியாது. அக்காவின் பாவாடை நுனியைப் பிடித்தபடியே போகிற இடமெல்லாம் வருவாள். அதனால்தான் வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பள்ளியில் படத்துக்கான பரிசெல்லாம் அக்காவுக்கு. வாலு வரைந்தால் மாடு மேஜை மாதிரி இருக்கும்.

"என்னக்கா, ஒரேயடியா உத்துப் பாக்கறீங்க? பெருமையா இருக்கா?"

"ரொம்ப" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை நான்காக மடித்துக் கைப்பையில் திணித்தாள். அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று தடவை செதுக்க வேண்டியதாயிற்று.

பொறாமை அவளுக்குப் புதிதல்ல. வாலுவின் முதல் புத்தகம் வந்தபோது, உறவில் யாராவது புகழ்ந்தால், "ஆமா, நல்லாத்தான் இருக்கு. குதிரைக்கு முட்டி எங்க இருக்குன்னுதான் அவளுக்கு இன்னும் பிடிபடல" என்பாள். புத்தகக் கடைக்குப் போனால், யாரும் பார்க்காத நேரத்தில் தங்கையின் புத்தகத்துக்கு முன்னால் தடியான அகராதி ஒன்றை நகர்த்தி வைப்பாள். இதெல்லாம் தனக்கே வெட்கமாக இருக்கும். இருந்தும் கை அடங்காது. ஆனால் அதெல்லாம் தங்கைக்குக் கிடைத்ததைப் பார்த்து வந்த எரிச்சல். இது வேறு. இது தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு போனது.

"இந்த வாரம் போய் நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்" என்று கணவனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் அவசரப்படாத மனிதர். "நாலு கேள்வின்னா நாலோட நிறுத்திக்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களோடு தங்கை வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தவளின் வலது கை முழங்கை முதல் விரல் நுனிவரை மாவுக்கட்டில் இருந்தது.

"அக்கா! நீயே வந்துட்டியா!" என்று வாலு இடது கையால் அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் இரண்டு எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அக்காவுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? "நீ திட்டுவ." அதுவும் உண்மைதான்.

விஷயம் என்னவென்றால், படியிறங்கப் பயப்படும் ஒரு கழுதையைப் பற்றிய புத்தகம். பதினான்கு பக்கத்தில் பதினொன்று முடிந்துவிட்டது. மிச்சம் மூன்றை ஒன்பது நாளில் கொடுத்தாக வேண்டும். அச்சகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது.

"உன்னைவிட்டா எனக்கு யாருக்கா இருக்காங்க? என் கையைவிட உன் கை ஒஸ்தி. எனக்குத் தெரியாதா?"

நான்கு கேள்விகளையும் தள்ளிவைத்தாள். கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டு பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டமாகவே இருந்தது. அந்தப் புத்தகத்திலேயே அந்த மூன்று பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கப்போகிறார்கள். அப்போது தெரியும்.

ஆய்வகத்துக்கு ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டாள்.

முதல் பக்கத்தை ஒன்றரை நாளில் முடித்தாள். படிக்கட்டின் உச்சியில் நிற்கும் கழுதை. நிஜக் கழுதைகளின் புகைப்படங்களைத் தேடி, தோளெலும்பு எங்கே, குளம்பு எப்படி என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். கழுத்து ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வாலு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்குக்கா. நான் செத்தாலும் இப்படி வராது."

பல்லக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அது கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

"ஆனா, இது பயப்படலையேக்கா. போட்டோ எடுக்க நிக்கற மாதிரி கம்பீரமா நிக்குது. இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமா?"

இன்னொன்று போட்டாள். அதுவும் பயப்படவில்லை. மூன்றாவதில் கண்ணைப் பெரிதாக்கினாள். கழுதை ஆச்சரியப்படுவது போல் இருந்தது. நான்காவது காகிதத்தை எடுக்கும்போது கை கனத்தது.

"உனக்கு ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆகும்?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

வாலு குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். உள்ளே ஒரே கழுதை. சாய்ந்த கழுதை, குந்திய கழுதை, வாலைக் காலுக்கிடையில் செருகிய கழுதை, பாதியில் அடித்துவிட்ட கழுதை. ஒரு பக்கத்துக்கு மட்டும் அறுபத்திரண்டு. பாதிக்குமேல் பார்க்கச் சகிக்கவில்லை.

"இத்தனையும் யார்கிட்ட காட்டின?"

"யார்கிட்ட காட்டறது? இது நல்லா இல்லன்னு எனக்கே தெரியுமே."

பல்லக்கா பெட்டியை மூடிவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் சமையலறைக்குப் போனாள். ஓவியக் கல்லூரி விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. 'அன்னிக்கு வீட்டு நிலைமை வேற. இல்லாட்டி நானும் ஓவியர் ஆகியிருப்பேன்' என்று கணவனிடம், மெருகுக்காரரிடம், கேட்ட எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வீட்டு நிலைமைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவே போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். இருபது படம் வரைந்து சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று வரைந்தாள். பக்கத்தில் நின்று 'ஆகா' சொல்ல ஆள் இல்லாத நாலாவது படம் வரவேயில்லை. கடைசித் தேதி போயிற்று. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பல்லை மட்டும் எப்படிப் பத்து தடவை சலிக்காமல் செதுக்குகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அது ஒருவர் வாயில் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அவருக்கு வலிக்கும். கழுதை யார் வாயில் உட்காரப்போகிறது?

எப்படியோ வாரத்துக்குள் மூன்று பக்கமும் முடிந்தன. அனுப்பிய மறுநாள் பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் வந்தார். வாலு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கடைசி ரெண்டும் பரவாயில்லை, எடுத்துக்கறோம். படி உச்சியில நிக்கறது மட்டும் வேண்டாம். வரைஞ்ச கை பெரிய கைதான், சந்தேகமே இல்லை. ஆனா இந்தக் கழுதைக்குப் பயமே இல்லையே. இது இறங்கிடும். அப்புறம் கதை எதுக்கு?"

பேச்சு முடிந்ததும் பல்லக்கா எழுந்தாள். "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போயிற்று. கடைசியில் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த பத்திரிகையை மேஜையில் அடித்தாள்.

"இதுக்கு பதில் சொல்லு. அந்தப் படத்தை வரைஞ்சது யாரு? நீயா?"

வாலு பத்திரிகையைப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. மறுக்கவில்லை.

"நீதான்."

"அப்புறம் எப்படி நான் நான்னு வாய் கூசாம சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?" வாலுவின் குரலும் ஏறியது. "நடந்ததையா? அப்பா உன் படத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தப்ப நான் கதவோரமா நின்னேன். அரைமணி நேரம். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்னிக்கு ராத்திரி, உனக்குக் காய்ச்சல் வந்து கை விளங்காமப் போகணும்னு வேண்டிக்கிட்டேன், தெரியுமா? அப்பா மாதிரி ஒருத்தராவது என் கோட்டை அப்படி உக்காந்து பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன். வங்கியில பத்து வருஷம் ரசீதுக்குப் பின்பக்கமெல்லாம் வரைஞ்சேன், அதுக்குத்தான். பொறாமையில வந்தேன்னு பேப்பர்ல சொல்ல முடியுமா? கேவலமா இல்ல?"

பல்லக்கா பத்திரிகையை மறுபடி நான்காக மடித்தாள். தன்மேல் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்றால் மனசு குளிர வேண்டும். குளிரவில்லை. இன்னும் எரிந்தது. இவள் பொறாமை இவளை அறுபத்திரண்டு கழுதை வரைய வைத்திருக்கிறது. தன் பொறாமை ஒரு அகராதியை நகர்த்தியதோடு சரி.

"அந்தப் பேட்டியில நீ சொன்னது தப்புதான்" என்றாள் கடைசியில்.

"தப்புதான். மன்னிச்சுக்கோ."

"மன்னிக்கல. இப்போதைக்கு இல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பக்கத்தை வாலு இடது கையாலேயே வரைந்து கொடுத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புத்தகம் வந்ததும் ஒரு பிரதி தபாலில் வந்தது. உள்ளே 'கடைசி இரண்டு ஓவியங்கள்: என் அக்கா' என்று அச்சிட்டிருந்தது. பல்லக்கா அந்த வரியை மட்டும் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஒரு நாள், முன்பல் ஒன்றுக்கு நிறம் பொருத்திப் பார்க்க ஒரு பல் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. காத்திருப்பு அறையில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பல்லக்கா எதிரே உட்கார்ந்து, எட்டிப் பார்த்தாள்.

படி உச்சிக் கழுதையை அவள் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத இடது கையில் கோடு நேராக வரவில்லை. காலும் முதுகும் நடுங்கின. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை. அந்தச் சின்னப் பெண் அந்தப் பக்கத்தை உடனே திருப்பவில்லை. கழுதையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாக, "நான் பிடிச்சுக்கறேன், எறங்கு" என்றாள். அப்புறம் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். பல்லக்கா வரைந்த இரண்டு பக்கமும் காற்றில் பறந்ததுபோல் போய்விட்டன.

பல்லக்கா வெளியே வராந்தாவுக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள்.

"வாலு, நான்தான்."

பல்லக்கா கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒரு குழந்தை உன் கழுதையோட பேசிட்டிருக்கு. நான் பிடிச்சுக்கறேன், எறங்குன்னு சொல்லுது."

"நிஜமாவா?" என்றாள் வாலு. குரல் உடைந்திருந்தது. "உன் பக்கத்துக்கு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. திருப்பிட்டுப் போயிடுச்சு."

"அக்கா…"

"சமாதானம் சொல்லாத. வயிறு எரியுது எனக்கு. எரியட்டும். ஆனா அது நல்ல படம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் படம் வரைய உட்கார்ந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்; உட்காரவில்லை. உள்ளே நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நிறமாதிரிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றாக அவர் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழாவதுகூடப் பொருந்தவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.